எத்தனை கூண்டு?

கோர்டெஸ், சனிக்கிழமை

“தூக்கிப் பாருங்கள்” என்றார் பெரியவர். பால் பாக்கெட் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி மாதிரிதானே இருக்கிறது என்று ஒற்றைக் கையை நீட்டினேன். நண்டுக் கூண்டு அசைந்து கொடுக்கவில்லை. அடியில் சிமெண்ட் ஊற்றியிருக்கிறார்கள். கடலின் தரையில் உட்கார்ந்தால் நீரோட்டம் இழுத்துப் போகக் கூடாது அல்லவா? உள்ளே இரைக்குப் பன்றிக் கால். அந்த வாடையில் எனக்கு ஊர் ஞாபகம் வரவில்லை. பக்கத்தில் புகையில் வெந்துகொண்டிருந்த மீன்தான் ஊரைக் கொண்டுவந்தது. மடவை மீன். எங்கள் வேதாரண்யம் பக்கம் குழம்பு வைப்போம். இவர்கள் புகை போட்டுத் தின்கிறார்கள்.

ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில், சரசோட்டா விரிகுடாவின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது கோர்டெஸ். எதிரே அன்னா மரியா தீவு, விடுமுறைக்காரர்களின் தீவு. இந்தப் பக்கம் மட்டும் இன்னும் மீனவர் ஊர். 1880-களில் வட கரோலினாவின் கார்ட்டரெட் வட்டாரத்திலிருந்து வந்த சில குடும்பங்கள் இங்கே வலை போட ஆரம்பித்தன. 1921 புயலில் துறை முழுக்கப் போய், மறுபடி கட்டிக்கொண்டார்கள். பிறகு 1994-ல் மாநில மக்கள் வாக்களித்து, செவுள் வலையையே தடை செய்தார்கள். மறு வருடம் ஜூலையிலிருந்து அது சட்டம். “புயல் எங்களைத் தோற்கடிக்கவில்லை, ஓட்டுச் சீட்டுதான் தோற்கடித்தது” என்று பெரியவர் சொன்னதில் பாதி வேடிக்கை, பாதி வயிற்றெரிச்சல். இப்போது மடவைக்கு வீச்சு வலை, மீதி நாளுக்கு நண்டு.

இங்கே பிடிப்பது கல்நண்டு. நண்டைக் கொல்வதில்லை. கொடுக்கு ஏறக்குறைய 3 அங்குலம் இருந்தால் அதை மட்டும் ஒடித்துக்கொண்டு நண்டைக் கடலில் விட்டுவிடுகிறார்கள். கொடுக்கு மறுபடி முளைக்கும். பருவம் அக்டோபர் 15-ல் தொடங்கும். பத்து நாள் முன்னதாக, அக்டோபர் 5-ஆம் தேதி, கூண்டுகளைத் தண்ணீரில் இறக்கலாம்.

நான் போய் நின்றது 2024-இன் அந்த அக்டோபர் 5. அன்று காலை அவர் 120 கூண்டுகளை இறக்கிவிட்டு வந்திருந்தார். மதியம் வானொலியில், மெக்சிகோ வளைகுடாவின் மேற்கே உருவான சுழலுக்கு மில்டன் என்று பெயர் வைத்துவிட்டதாகச் செய்தி. எனக்குக் கல்லூரி ஆங்கில வகுப்பில் படித்த கவிஞர் மில்டன் நினைவுக்கு வந்தார். அட்லாண்டிக் புயல்களுக்கு அகரவரிசைப் பட்டியல். அந்த வருடம் இது 13-ஆவது பெயர். எங்கள் பக்கம் நாடு நாடாகப் பெயர் கொடுப்பார்கள். 2018-ல் என் அத்தை வீட்டுக் கூரையைக் கொண்டுபோன கஜாவுக்குப் பெயர் தந்தது இலங்கை.

பெரியவர் வானொலியை அணைக்கவும் இல்லை, உற்றுக் கேட்கவும் இல்லை. கொட்டகைச் சுவரில் இடுப்புக்கு மேலே ஒரு பழுப்புக் கோடு ஓடியது. ஒன்பது நாளுக்கு முன் வந்த ஹெலீன் போட்ட கோடு. அந்தப் புயலின் கண் இங்கே வரவே இல்லை. தூரத்தில் கடலோடு கடலாகப் போய், வடக்கே பெர்ரி ஊர்ப் பக்கம் கரையேறியது. போகிற போக்கில் இந்தக் கரை நெடுகத் தண்ணீரைத் தள்ளிவிட்டுப் போயிருந்தது.

“120-ஐயும் திரும்ப ஏற்றிவிடுவீர்களா?” என்றேன்.

“நாளைக்குப் பார்க்கலாம். முதலில் படகு.”

படகு கட்டுவதை அன்று மாலை பார்த்தேன். துறையிலிருந்து விலக்கி, அலையாத்திக் காட்டுக்குள் ஒரு வாய்க்காலில் நுழைத்து, இரண்டு பக்கமும் கட்டினார்கள். நான்கு வீட்டு ஆட்கள், ஒரே கயிற்றுச் சுருள். எனக்குத் தெரிந்தது போல ஒரு முனையைப் பிடித்து இறுக்கினேன். பெரியவர் வந்து பேசாமல் என் முடிச்சை அவிழ்த்தார். கயிறு தொங்கத் தொங்க விட்டு, மரத்தில் என் தலைக்கு மேலே கட்டினார். தண்ணீர் இப்போது இருக்கிற இடத்துக்குக் கட்டக் கூடாது, ஏறப்போகிற இடத்துக்குக் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டிய படகு, தண்ணீர் ஏறும்போது கூடவே ஏற முடியாமல் முங்கிவிடும். இதை முத்துப்பேட்டையில் கேட்டிருந்தால் எந்தப் பையனும் சொல்லியிருப்பான். கடலோர மாவட்டத்தில் பிறந்து வங்கியில் வேலை பார்த்தவனுக்கு இதெல்லாம் அறுபது வயதில், அமெரிக்காவில் தெரிய வேண்டியிருக்கிறது.

பாஸ்-எ-கிரில், ஞாயிறு

செயின்ட் பீட் கடற்கரைத் தீவின் தெற்கு முனை. ஒரு பக்கம் வளைகுடா, மறுபக்கம் உள்கடல், நடுவே ஒன்றிரண்டு தெருக்கள்தான். டாம்பாவில் நான் தங்கியிருந்தது அண்ணன் மகன் வீட்டில். அவன் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்ணின் அம்மா இந்தத் தீவில் இருக்கிறார். ஹெலீன் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்துவிட்டது, கை கொடுக்கப் போனோம்.

தெருவின் இரண்டு பக்கமும் வீடுகள் வெளியே கிடந்தன. வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. மெத்தை, சோபா, ஈரத்தில் உப்பிய அலமாரி, டேப் சுற்றிய குளிர்சாதனப் பெட்டி, கிழித்தெடுத்த சுவர்ப் பலகை, கிறிஸ்துமஸ் மரத்துக்கு வாங்கி வைத்த பொம்மைகள். எல்லாம் ஆள் உயரக் குவியல். எங்கள் ஊரில் வெள்ளம் வடிந்தால் பாயையும் துணியையும் வெயிலில் காயப்போடுவோம். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்போம். மண் சுவர் காயும். இங்கே உப்புத் தண்ணீர் பட்ட வீட்டில் எதுவும் திரும்பக் காய்வதில்லை. சுவரே அட்டை போன்ற பொருள். நாலு நாளில் பூஞ்சை பிடித்துவிடும், அறுத்து எறிய வேண்டியதுதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை அவர். குவியலின் மேல் உட்கார்ந்து புகைப்படங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரிக்கும்போதே சில முகங்கள் காகிதத்தை விட்டு விரலோடு வந்துவிட்டன. அவற்றைத் துடைக்காமல் விரலை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

“இதெல்லாம் இப்போது பறக்கும்” என்று குவியலைக் காட்டினார். பயமே அதுதான். அடுத்த புயல் மூன்று நாளில் வந்தால் இந்தத் தெரு முழுக்க எறிகல்லாகிவிடும். இராத்திரி பகலாக லாரிகள் அள்ளின. அள்ளி முடியாத குவியலுக்கு நடுவில் மக்கள் மிஞ்சிய சன்னலுக்கு ப்ளைவுட் அறைந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பலகையிலும் பழைய எழுத்து இருந்தது: சமையலறை, கிழக்குச் சன்னல், குழந்தை அறை. வருடா வருடம் எடுத்து மாட்டுகிற பலகைகள். சுவரில்லாத வீட்டின் சன்னலுக்குப் பலகை எதற்கு என்று எனக்குத் தோன்றியது, கேட்கவில்லை.

அன்றே மில்டன் ஹரிக்கேன் ஆகிவிட்டது.

டாம்பா, திங்கள்

ஒரே நாளில் முதல் வகையிலிருந்து ஐந்தாம் வகைக்குத் தாவிவிட்டது. மணிக்கு 280 கிலோமீட்டருக்கு மேல் காற்று. மயாமியில் பல்லாண்டு வானிலை சொல்லிவந்த ஜான் மொராலஸ், பத்து மணி நேரத்தில் காற்றழுத்தம் 50 மில்லிபார் விழுந்துவிட்டது என்று சொல்லும்போதே நேரலையில் குரல் உடைந்து அழுதார். வளைகுடாத் தண்ணீர் அந்த அளவுக்குச் சூடேறிக் கிடந்தது. புயலுக்கு அதுதான் தீனி. மேயர் ஜேன் காஸ்டரும் மென்று முழுங்கவில்லை. வெளியேறச் சொன்ன பகுதியில் தங்கினால் சாவீர்கள் என்று தொலைக்காட்சியிலேயே சொல்லிவிட்டார்.

“நம்ம வீடு B சித்தப்பா” என்றான் அண்ணன் மகன்.

இங்கே கடல் ஏறக்கூடிய ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு எழுத்து உண்டு. A என்றால் முதலில் கிளம்பு, B என்றால் அடுத்து. காற்றுக்கான எழுத்து இல்லை, கடல் எவ்வளவு உள்ளே ஏறும் என்பதற்கான எழுத்து. தண்ணீருக்கு ஓடு, காற்றுக்கு ஒளிந்துகொள் என்று இந்த ஊரில் ஒரு சொலவடை. சக்கர வீடுகளில் இருப்பவர்களுக்கு மட்டும் எழுத்து ஒரு பொருட்டே இல்லை. எங்கே இருந்தாலும் கிளம்ப வேண்டும்.

காலையில் மணல் மூட்டை கட்டப் போனோம். மணல் இலவசம், பை இலவசம், மண்வெட்டி நம்முடையது. வரிசையில் ஒருவர் பையை விரித்துப் பிடிக்க, முன்பின் தெரியாதவர் அள்ளிப் போட்டார். அந்த ஊரில் நான் பார்த்த ஒரே கூட்டு வேலை அதுதான். பிறகு எல்லாரும் அவரவர் காரில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கடைகளில் தண்ணீர் பாட்டில் அலமாரி துடைத்து வைத்ததுபோல இருந்தது. ஈபோர் சிட்டியில் ஒரு பழைய ரொட்டிக் கடையில் மட்டும் வரிசை நகர்ந்தது. சுருட்டுத் தொழிலுக்கு வந்த கியூபாக்காரர்கள் விட்டுப்போன ரொட்டி, முழம் நீளம். மாவின் மேல் ஒரு கீற்று ஓலையை வைத்துச் சுடுகிறார்கள், அந்த வாக்கில் ரொட்டி வெடித்துக்கொள்கிறது. கையில் வாங்கியபோது கருகிய ஓலை இன்னும் ஒட்டியிருந்தது. நான் அதை உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அண்ணன் மருமகள் சிரித்தாள்.

மாடி வீட்டில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். கார் கிடையாது. இந்தக் கட்டுரையில் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்றுதான் என்றால் அது இந்தப் பாட்டியைப் பற்றியது. கஜாவுக்கு முந்தைய நாள் எங்கள் ஊரில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத் தெருவாகப் போனது. கிராம நிர்வாக அலுவலர் வந்து அத்தையைத் திட்டி, கெஞ்சி, பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டார். வர மாட்டேன் என்ற கிழவரை நாலு பேர் நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். ஃபுளோரிடாவில் எச்சரிக்கை ஒவ்வொருவர் கைப்பேசியிலும் தனித்தனியாக அலறுகிறது. துல்லியம் என்றால் அப்படி ஒரு துல்லியம். கடல் எந்தத் தெரு வரை ஏறக்கூடும் என்று தெரியும். மாடிப் பாட்டி என்ன செய்யப் போகிறார் என்று கீழ் வீட்டுக்குத் தெரியாது. குறை சொல்லக் கூடாது, முகாமுக்கு அரசு இலவசப் பேருந்து விட்டது. ஆனால் நிறுத்தம் வரை அவர் நடக்க வேண்டும். முட்டி வீங்கிய கால்.

எங்கள் காரில் நான்கு பேர், ஒரு குழந்தை இருக்கை. அவரைப் பள்ளிக்கூட முகாமில் கொண்டுபோய் விட்டோம். உடற்பயிற்சிக் கூடத்தின் தரையில் தலையணைகள், நாய்க் கூண்டுகள், சக்கர நாற்காலிகள். போர்வையை விரித்துவிட்டு நிமிர்ந்தபோது பாட்டி என் கையில் ஒரு டப்பாவைத் திணித்தார். சோறும் மொச்சையும். “வழிக்கு” என்றார். முகாமுக்குப் போகிறவர், ஊரை விட்டுப் போகிறவனுக்குக் கட்டுச்சோறு கட்டி வைத்திருக்கிறார்.

ஐ-75 நெடுஞ்சாலை, செவ்வாய்

டாம்பாவிலிருந்து கெய்ன்ஸ்வில் 200 கிலோமீட்டர் சொச்சம். சாதாரண நாளில் இரண்டு மணி நேரம், எங்களுக்கு ஏழு. சுங்கம் வாங்குவதை நிறுத்தியிருந்தார்கள். பெட்ரோல் பங்க் பலவற்றில் குழாயின் மேல் மஞ்சள் பை கவிழ்த்திருந்தது. இருந்த இடத்தில் ஒரு மணி நேர வரிசை.

முன்னால் போன வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வண்டிக்குப் பின்னால் படகு, படகுக்குள் சைக்கிள், சைக்கிளுக்கு மேல் கட்டிய நாற்காலி. ஒரு காரின் பின்சீட்டில் ஆளுயரக் கடிகாரம் பெல்ட் போட்டுப் படுத்திருந்தது. எதை எடுப்பது என்று ஒரு மணி நேரத்தில் முடிவு செய்யச் சொன்னால் மனிதர்கள் இப்படித்தான். அத்தை கஜா அன்று எடுத்துப் போனது ரேஷன் அட்டையும் அம்மிக் குழவியும். குழவி எதற்கு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டாள்.

எதிர்த் தடம் காலி. அதில் தெற்கு நோக்கி வரிசை வரிசையாக லாரிகள் வந்தன. மின்கம்பம் ஏறும் கூடை மடக்கி வைத்த லாரிகள், வெளி மாநில எண் பலகைகள். புயல் இன்னும் கடலில் இருக்கிறது. அறுந்து விழப்போகும் கம்பியைக் கட்ட ஆட்கள் முன்கூட்டியே கிளம்பிவிட்டார்கள். என் மனப்பாரம் அன்று முதல் தடவையாகக் கொஞ்சம் இறங்கியது.

வழியில் ஒரு வாஃபில் ஹவுஸ். இந்த உணவகம் இரவு பகல் மூடாது. பேரிடர் நிர்வாகத்தில் இருந்த கிரெய்க் ஃபுகேட் என்பவர் இதை வைத்தே ஒரு கணக்குச் சொல்வாராம்: முழுப் பட்டியலும் கிடைத்தால் ஊர் நலம், பாதிப் பட்டியல் என்றால் மின்சாரமோ தண்ணீரோ தடுமாறுகிறது, கடையே மூடியிருந்தால் நிலைமை மோசம். நாங்கள் நுழைந்த இடத்தில் முழுப் பட்டியலும் இருந்தது. முட்டையும் உருளைக்கிழங்குத் துருவலும் வாங்கினோம். பாட்டியின் மொச்சைச் சோற்றையும் அங்கேயே பிரித்தோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கெய்ன்ஸ்வில், புதன் இரவு

விடுதியின் முன்கூடம் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. குழந்தைகள் தரையில். யாரோ வளர்க்கும் கிளி ஒன்று கூண்டுக்குள் தொலைபேசி மணியைப் போலக் கத்தியது. எல்லார் கண்ணும் தொலைக்காட்சியில்.

கேள்வி ஒன்றே: கண் டாம்பா விரிகுடாவுக்கு வடக்கே கரையேறுமா, தெற்கேயா? புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. மேற்குப் பார்த்த கரையில் கண்ணுக்குத் தெற்கே இருப்பவனுக்குக் காற்று கடலை உள்ளே தள்ளும், வடக்கே இருப்பவனுக்குக் கடலை வெளியே இழுக்கும். கிழக்குப் பார்த்த நம் கரையில் இது அப்படியே தலைகீழ். ஊரில் கண்ணுக்கு வடக்கே இருந்தால்தான் பயப்பட வேண்டும், இங்கே தெற்கே இருந்தால். நான் மனசுக்குள் படத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்பே துக்கச் செய்தி எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தது. கிழக்குக் கரையில், செயின்ட் லூசி வட்டாரத்தில், புயல் கரையேறப் பல மணி நேரம் இருக்கும்போதே அதன் வெளிவளையம் சூறைச் சுழல்களை இறக்கியது. முதியோர் குடியிருப்பு ஒன்றில் ஆறு பேர் போய்விட்டார்கள். மேற்குக் கரையையே பார்த்துக்கொண்டிருந்த மாநிலத்துக்கு முதுகில் விழுந்த அடி.

இரவு எட்டரை மணி வாக்கில், சரசோட்டா அருகே சியெஸ்டா கீ என்ற தீவில் கண் கரையேறியது. மூன்றாம் வகையாக இளைத்திருந்தது. டாம்பா தப்பியது. அங்கே விரிகுடாத் தண்ணீரே உள்வாங்கித் தரை தெரிந்தது. 2017-ல் இர்மா வந்தபோதும் அப்படித்தானாம். அப்போது ஜனங்கள் இறங்கி நடந்து படம் எடுத்துக்கொண்டார்கள். கடல் உள்வாங்கியதும் இறங்கி நடக்கிற தைரியம், 2004 டிசம்பரைப் பார்த்த நாகப்பட்டினத்துக்காரனுக்கு வராது. செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ட்ராபிகானா ஃபீல்ட் விளையாட்டரங்கின் கூரைத் துணி கிழிந்து பறந்தது. நிவாரண ஆட்கள் தங்குவதற்கு உள்ளே போட்டிருந்த கட்டில் வரிசைகளின் மேல் வானம் திறந்துகொண்டது.

கண் கரையேறிய நேரத்தில் கைப்பேசி அடித்தது. அத்தை. ஊரில் விடியற்காலை ஆறு மணி. எழுந்ததும் டி.வி.யைப் போட்டிருக்கிறாள்.

“தம்பி, அங்க கூண்டு எத்தனை ஏத்திருக்கான்?”

துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டைக் கேட்கிறாள். அவளுக்குப் புயல் என்றால் கூண்டு. ஒன்றும் மூன்றும் என்றால் கருவாட்டை உள்ளே எடுத்து வைப்பாள், பத்து என்றால் பள்ளிக்கூடம்.

“இங்க கூண்டு கிடையாது அத்தை. A, B, Cன்னு எழுத்து.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அப்ப படிக்கத் தெரியாதவங்க என்னடா பண்ணுவாங்க?”

கோர்டெஸ், அடுத்த ஞாயிறு

மாநிலம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போயிருந்தது. எங்கள் அடுக்ககத்தில் இன்னும் வரவில்லை. பாட்டி முகாமிலிருந்து திரும்பிவிட்டார். சனிக்கிழமை அவரோடு ஒரே மெழுகுவத்தியில் சாப்பிட்டோம். மறுநாள் நான் கோர்டெஸ் போனேன்.

விழுந்த கிளைகளை அறுக்கும் இரம்பச் சத்தம் ஊரெங்கும். அலையாத்திக்குள் கட்டிய படகு கட்டிய இடத்திலேயே நின்றது. கயிறு மட்டும் மரப்பட்டையைச் சீவி, வெள்ளையாக ஒரு வளையம் போட்டிருந்தது. யாரோ ஒருவருடைய வேகப்படகு கொஞ்சம் தள்ளி மரக்கிளைகளின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

பெரியவர் துறையில் இருந்தார். கூண்டுகளை அவர் ஏற்றவில்லை. ஞாயிறும் திங்களும் படகுக்கும் கொட்டகைக்குமே சரியாகிவிட்டது. இப்போது இரண்டு நாளாகத் தேடி எடுக்கிறார். சிமெண்ட் போட்டும் கூண்டுகள் நடந்திருக்கின்றன. மிதவைக் கயிறுகள் ஒன்றோடொன்று பின்னி, எவருடையது எதுவென்று தெரியாமல் மூட்டையாக வருகின்றன. ஒவ்வொரு மிதவையிலும் உரிம எண் எழுதியிருக்கும். அவருடைய கண்ணாடியை ஹெலீன் கொண்டுபோய்விட்டது.

“படியுங்கள்” என்றார்.

நான் பாசியைத் துடைத்து எண்ணைப் படித்தேன். தன்னுடையது என்றால் இடப்பக்கம் போட்டார். இல்லையென்றால், எண்ணைக் கேட்டதுமே ஒரு வீட்டைச் சொல்லி வலப்பக்கம் வைத்தார். தண்ணீர்த் தொட்டி பக்கத்து வீடு. மகன் இராணுவத்தில் இருக்கிற வீடு. ஹெலீனோடு தொழிலை விட்டவன் வீடு. அதையும் தனியாக வைத்தார்.

மதியம் வரை இடப்பக்கம் 41.

“மீதி?” என்றேன்.

தோளைக் குலுக்கிவிட்டு, கயிற்று மூட்டையிலிருந்து அடுத்த மிதவையை உருவி என்னிடம் நீட்டினார்.